பன்னிரண்டு ஆண்டு இருந்தால் வீடு சொந்தமா? வழக்குகளில் காலக்கெடு எப்போது தொடங்குகிறது

கேள்வி: ஒரே வீட்டில் 12 வருடம் வாடகைக்கு இருந்தால் அந்த வீடு குடியிருப்பவருக்கே சொந்தமாகிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். இது உண்மையா? அண்ணன் தம்பிகளிடம் பங்கு கேட்பதற்கும், சம்பள பாக்கி கேட்பதற்கும், வரி உத்தரவை எதிர்ப்பதற்கும் இதுபோல் கெடு உண்டா? தாமதமாகிவிட்டால் எல்லாம் போய்விட்டது என்றுதான் அர்த்தமா?

பதில்: முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். வாடகைக்கு வந்தவர் 12 ஆண்டு இருந்தாலும் 40 ஆண்டு இருந்தாலும் வாடகைதாரர்தான். வீடு அவருக்குச் சொந்தமாகாது. இந்தப் பேச்சை நம்பி, நல்ல குடித்தனக்காரரைக்கூடப் பதினோராவது ஆண்டில் அவசரமாகக் காலி செய்யச் சொன்ன உரிமையாளர்கள் இருக்கிறார்கள். இதே பேச்சை நம்பி வாடகையை நிறுத்திவிட்டு, கடைசியில் பல ஆண்டு நிலுவையையும் வழக்குச் செலவையும் சுமந்த குடித்தனக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த 12 என்ற எண் கற்பனையல்ல. அது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் இருக்கிறது. எந்த வகை வழக்கை எத்தனை ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை அதன் அட்டவணை சொல்கிறது. இடதுபக்கம் வழக்கின் வகை, நடுவில் காலம், வலதுபக்கம் அந்தக் காலம் எப்போது ஓடத் தொடங்கும் என்பது. மக்கள் நடுவில் உள்ள எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். வழக்கின் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வலதுபக்கம்தான். உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் அந்த வலதுபக்கத்திலிருந்தே பதில் தேட வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். இச்சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, எதிர்தரப்பு காலாவதியைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும், கெடு கடந்த வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும். நீதிபதி இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்க அங்கே இடமில்லை. உங்கள் பக்கம் முழு நியாயம் இருக்கலாம், ஆவணம் எல்லாம் சரியாக இருக்கலாம். தேதி தவறினால் அவற்றைப் பார்க்கும் கட்டத்துக்கே வழக்கு போகாது.

இப்போது அந்த 12 ஆண்டுக்கு வருகிறேன். உரிமையின் அடிப்படையில் சொத்தின் சுவாதீனத்தை, அதாவது சொத்தைத் தன் கைவசம் ஒப்படைக்கும்படி, கேட்கும் வழக்குக்கு, அட்டவணையின் 65ஆம் இனம் 12 ஆண்டு தருகிறது. அது ஓடத் தொடங்குவது, எதிராளியின் அனுபவம் உரிமையாளருக்கு எதிரானதாக மாறும் நாளிலிருந்து. எதிரிடை அனுபவம் என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். வெறுமனே இருப்பது எதிரிடை ஆகாது. வலுக்கட்டாயம் இல்லாமல், ஒளிவுமறைவு இல்லாமல், யாருடைய அனுமதியும் இல்லாமல், ‘இது என் சொத்து, உனக்கு இதில் பாத்தியதை இல்லை’ என்று உண்மையான உரிமையாளர் அறியும்படி வெளிப்படையாக, இடைவிடாமல் 12 ஆண்டு அனுபவித்திருக்க வேண்டும். கர்நாடக வக்ஃப் வாரிய வழக்கில் 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே வகுத்துச் சொன்னது. என்றைக்கு நுழைந்தேன், எந்த நாளிலிருந்து எதிராக அனுபவித்தேன், உரிமையாளருக்கு அது எப்படித் தெரியும் என்பதையெல்லாம் நிரூபிக்கும் சுமை அனுபவம் கோருகிறவர் தலையில்தான்.

வாடகைதாரரோ உரிமையாளரின் அனுமதியோடு வந்தவர். அனுமதியோடு இருக்கும் ஒவ்வொரு நாளும் உரிமையாளரின் உரிமையை ஒப்புக்கொள்ளும் நாள்தான். வாடகைக்கு வந்தவர், அந்தக் குடித்தனம் நீடிக்கும்வரை, தன்னை உள்ளே விட்டவரின் உரிமையை மறுக்கக் கூடாது என்பது பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதிநியத்திலும் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் காலத்திலிருந்தே இந்த நிலைப்பாடு மாறவில்லை. வீட்டை ஒப்படைத்துவிட்டு வெளியே போய் வேண்டுமானால் உரிமை கோரலாம், உள்ளே இருந்துகொண்டு கோர முடியாது. காவலுக்கு வைத்தவர், தோட்டம் பார்த்துக்கொள்ள விட்டவர், ‘கொஞ்ச நாள் இருந்துகொள்’ என்று இடம் கொடுத்த உறவினர் எல்லாருக்கும் இதே கணக்குதான். காவலாளோ வேலையாளோ எத்தனை ஆண்டு இருந்தாலும் சொத்தில் எந்த உரிமையும் பெறமாட்டார் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது.

உரிமையாளர் உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு. அட்டவணையின் 67ஆம் இனம், வாடகைதாரரிடமிருந்து சுவாதீனம் கேட்கும் வழக்குக்கு 12 ஆண்டு தருகிறது. அது ஓடத் தொடங்குவது குடித்தனம் முடிவுக்கு வந்த நாளிலிருந்து. அதாவது, வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, ‘இந்த மாத இறுதியோடு உங்கள் குடித்தனத்தை முடித்துவிட்டேன்’ என்று எழுதிய உரிமையாளர், அந்த நோட்டீஸாலேயே காலக்கெடுவைத் தொடங்கிவைக்கிறார். அனுப்பிவிட்டு, பேசிப் பார்க்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் விட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும். நோட்டீஸ் அனுப்புகிறவர் வழக்குப் போடத் தயாராகிவிட்டே அனுப்ப வேண்டும்.

வாடகை நிலுவைக்குத் தனிக் கெடு இருக்கிறது. ஒவ்வொரு மாத வாடகைக்கும் அது செலுத்த வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டு. ஏழு ஆண்டு வாடகை பாக்கி இருந்தாலும் வழக்கில் கிடைப்பது பெரும்பாலும் கடைசி மூன்றாண்டுத் தொகைதான். வீடு போகவில்லை என்ற நிம்மதியில் உரிமையாளர்கள் தூங்கிவிடுவதும், பணத்தில் பாதிக்கு மேல் கரைந்துபோவதும் இங்கேதான்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தமே செய்துகொள்ளாமல் இருப்பதையும், வெளியேற்றக் கோருவதற்கான ஒரு காரணமாக இச்சட்டத்தின் 21ஆம் பிரிவு வைத்திருக்கிறது. வாய்ப்பேச்சில் 20 ஆண்டாக ஓடும் குடித்தனங்கள் நம் ஊர்களில் ஏராளம். இரு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாடகை வாங்கும்போது ரசீது கொடுங்கள், கொடுக்கும்போது கேட்டு வாங்குங்கள். வங்கிக் கணக்கு வழியாகக் கொடுப்பது இன்னும் நல்லது. பிற்காலத்தில் ‘நான் வாடகைக்காரனே அல்ல’ என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வரி வங்கிப் பதிவு பத்து சாட்சிகளுக்குச் சமம்.

அடுத்தது பங்கு. எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் மிகுதி. கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ‘அப்பா இறந்து 20 வருடம் ஆகிறது, அண்ணன் பெயரில் பட்டா மாறிவிட்டது, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாதாம், உண்மையா?’ என்று கேட்கிறார்கள். அப்படிச் சொன்னவர் யார் என்று கேட்டால் அநேகமாக அந்த அண்ணனாகத்தான் இருக்கும்.

ஒன்றாகப் பாத்தியதை உள்ளவர்களில் ஒருவர் சொத்தை அனுபவிப்பது, எல்லாருக்காகவும் அனுபவிப்பதாகவே சட்டத்தின் பார்வையில் கொள்ளப்படும். உச்ச நீதிமன்றம் 1957இலேயே இதைச் சொல்லிவிட்டது. சகோதரர் தனியாக விளைச்சலை எடுத்துக்கொண்டார் என்பதோ, வரி ரசீது அவர் பெயரில் இருக்கிறது என்பதோ மட்டும் தங்கையின் உரிமையை அழிக்காது. பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு, அது தானாக உரிமை தராது. கெடு ஓட வேண்டுமானால், ‘உனக்குப் பங்கு இல்லை’ என்று அவர் வெளிப்படையாக மறுத்து, அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவர் பங்கு கேட்க 110ஆம் இனம் 12 ஆண்டு தருகிறது. அது ஓடத் தொடங்குவது விலக்கப்பட்டது தெரியவந்த நாளிலிருந்து. அப்பா இறந்த நாளிலிருந்து அல்ல, பட்டா மாறிய நாளிலிருந்தும் அல்ல.

எனவே இப்படிப்பட்ட வழக்கில் முதலில் தேட வேண்டியது அந்த மறுப்பின் தேதி. என்றைக்கு அவர் மறுத்தார்? கடிதத்திலா, ஊர்ப் பெரியவர்கள் முன்பா, பதில் நோட்டீஸிலா? அதற்கு முன்புவரை விளைச்சலில் ஏதாவது கொடுத்து வந்தாரா? பொங்கலுக்கு அனுப்பிய அரிசி மூட்டைகூட ‘அன்றுவரை பங்கை மறுக்கவில்லை’ என்று காட்டும் சாட்சியமாக முடியும். கசப்பில் அதையெல்லாம் மறந்துவிட வேண்டாம்.

மூன்றாம் மனிதருக்குச் சொத்தை விற்றுவிட்டால் நிலைமை கடினமாகிறது. வாங்கியவர் வேலி போட்டு, வீடு கட்டி, தன் சொத்தென்று வெளிப்படையாக இருக்கத் தொடங்கினால் அவருக்கு எதிரான கெடு ஓடும். வில்லங்கச் சான்றிதழ் இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது. பங்கு பாக்கியுள்ள சொத்துக்கு அவ்வப்போது ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வழக்குத் தாக்கலான பிறகு விற்றால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உங்களைக் காக்கும், வாங்கியவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவராவார். அதற்கு முன் விற்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. சீக்கிரம் போகச் சொல்வதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணம் ஆகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை வந்தது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது, அதில் திருமணம் ஒரு தடையல்ல. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்கு அந்த உரிமை பிறப்பால் வருவது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு, எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் பழைய விற்பனைகள் எல்லாம் இதனால் செல்லாமல் போய்விட்டன என்று நினைத்துப் பல பெண்கள் செலவு செய்து ஏமாந்தார்கள். 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி நடந்த விற்பனையையும் பாகப்பிரிவினையையும் அந்தத் திருத்தம் தொடவில்லை. காலவரையறைச் சட்டமும் இந்தத் தீர்ப்பால் மறைந்துவிடவில்லை. தந்தை தன் உழைப்பில் வாங்கிய சொத்து, உயில் எழுதாமல் அவர் இறந்தார் என்றால், இந்த 1989, 2005 கணக்கே தேவையில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு.

தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நிலை வேறு. ‘வங்கிக் கடனுக்கு என்று சொல்லி வாங்கினார்கள்’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோர 59ஆம் இனத்தின்படி 3 ஆண்டுதான். மோசடி தெரியவந்த நாளிலிருந்து அது ஓடும். பதிவு செய்த பத்திரத்தில் நீங்களே கையெழுத்திட்டிருந்தால் ‘எனக்குத் தெரியாது’ என்பதை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. நான் பார்த்தவரை பெண்களின் பங்கு போவதற்குக் காலாவதியைவிட இந்தக் கையெழுத்துதான் பெரிய காரணம். படித்துப் பார்க்காத எந்தத் தாளிலும் உறவுக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சிறுவயதில் காப்பாளர் விற்ற சொத்துக்கும் ஒரு வரி சொல்ல வேண்டும். இந்து மைனரின் அசையாச் சொத்தைத் தந்தையோ தாயோ நீதிமன்ற அனுமதியின்றி விற்றால், அந்தப் பிள்ளை 18 வயது நிறைந்து மூன்றாண்டுக்குள், அதாவது 21 வயதுக்குள், அதை எதிர்த்து வழக்குப் போட வேண்டும். அந்த வயதில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கல்லூரியில் இருக்கும் பிள்ளைக்கு யாராவது பெரியவர் சொன்னால்தான் உண்டு.

சம்பளத்துக்கு வருவோம். ஒரு வீட்டு உரிமையாளர் வாடகை பாக்கி கேட்க மூன்றாண்டு அவகாசம் இருந்த அதே நாட்டில், குறைந்தபட்சக் கூலி கிடைக்காத தொழிலாளி 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆறே மாதத்துக்குள் மனுப் போட வேண்டியிருந்தது. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் 12 மாதம். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் வேலையில் இருந்துகொண்டே முதலாளிமேல் மனுப் போடும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? வேலையை விட்ட பிறகுதான் வரும், அதற்குள் கெடு போயிருக்கும். மிகக் குறைந்த அவகாசம் மிக எளிய மனிதருக்கு என்று இருந்த அந்த ஏற்பாட்டை நான் எப்போதும் அநியாயம் என்றே கருதி வந்திருக்கிறேன்.

2019ஆம் ஆண்டின் ஊதியக் குறியீட்டுச் சட்டம் இதைச் சரிசெய்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இனி கோரிக்கை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். பாக்கியோடு அதன் பத்து மடங்குவரை இழப்பீடும் அதிகாரி விதிக்க முடியும். ‘கொடுத்துவிட்டேன்’ என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. வேலையை விட்டவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடித்துத் தர வேண்டும். அச்சட்டம் வருவதற்கு முந்தைய பாக்கிக்குப் பழைய கெடுவா புதிய கெடுவா என்று எதிர்தரப்பு கட்டாயம் வாதாடும். ஆகவே மூன்றாண்டு இருக்கிறது என்று காத்திருக்காமல், தொழிலாளர் துறை அலுவலகத்தில் இப்போதே மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலைநீக்கத்தில் இந்த மாற்றம் எதிர்த்திசையில் போயிருக்கிறது. பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் நீக்கத்தை எதிர்த்து நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றம் போக 3 ஆண்டு இருந்தது. புதிய தொழில் உறவுக் குறியீட்டில், தகராறு எழுந்து 2 ஆண்டு கடந்தால் சமரச அலுவலர் அதை எடுக்கக் கூடாது. வேலை போனவர் முதல் ஓராண்டை அடுத்த வேலை தேடுவதில் கழிக்கிறார் என்பதை இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அரசு ஊழியர், ஓய்வூதியர் விஷயத்தில் ஓர் ஆறுதல் உண்டு. சம்பளத்தையோ ஓய்வூதியத்தையோ தவறாக நிர்ணயித்திருந்தால், ஒவ்வொரு மாதமும் குறைத்துக் கொடுப்பது ஒவ்வொரு மாதமும் நடக்கும் புதிய தவறு. 15 ஆண்டு கழித்துக் கேட்டாலும் கோரிக்கை செத்துவிடாது. ஆனால் நிலுவை, வழக்குக்கு முந்தைய மூன்றாண்டுக்குத்தான் கிடைக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு வரம்பு வைத்தது. மாதம் 2,000 ரூபாய் குறைவாக வாங்கியவர் 15 ஆண்டு கழித்து வந்தால் 3,60,000 ரூபாய்க்குப் பதில் 72,000 ரூபாய்தான் நிலுவையாகக் கையில் வரும். இனிவரும் மாதங்களுக்கு மட்டும் திருத்திய தொகை.

வரிக்கு வந்தால் காலம் ஆண்டுக்கணக்கிலிருந்து நாள்கணக்குக்குச் சுருங்கிவிடுகிறது. வருமான வரி மதிப்பீட்டு உத்தரவை எதிர்த்து முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க மேல்முறையீட்டு ஆணையருக்கு அதிகாரம் உண்டு. சரக்கு மற்றும் சேவை வரியில் 3 மாதம், காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம், அதோடு கதவு மூடிவிடும். கூடவே தகராறுக்குரிய வரியில் 10 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். அந்த நான்காவது மாதத்துக்குப் பிறகு மன்னிக்க மேல்முறையீட்டு அதிகாரிக்கே அதிகாரம் இல்லை. சட்டம் உச்ச வரம்பு வைத்த இடத்தில் உயர் நீதிமன்றமும் ரிட் மனு வழியாக அதைச் சாதாரணமாகத் தாண்டிப் போகக் கூடாது என்று 2020இல் காக்கிநாடா வரி அலுவலக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிறு வணிகர்கள் இதில் விழுவதற்குக் காரணம் அலட்சியம் அல்ல. நோட்டீஸும் உத்தரவும் இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. கடைக்குத் தபால்காரர் எதையும் கொண்டுவருவதில்லை. பதிவு செய்தபோது கொடுத்த கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கணக்குப் பார்ப்பவருடையவை. அவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அல்லது நூறு கடைகளுக்குப் பார்ப்பவராக இருப்பார். வங்கிக் கணக்கை முடக்கிய பிறகுதான் உத்தரவே வந்திருப்பது கடைக்காரருக்குத் தெரிகிறது. வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி, விளக்கம் தர மறுவாய்ப்பு அளித்துச் சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அது ஒவ்வொரு வழக்கின் தன்மையைப் பொறுத்த சலுகை, உரிமையாக எண்ணி நம்பியிருக்கக் கூடாது. இன்றே தளத்தில் போய், தொடர்பு எண்ணையும் மின்னஞ்சலையும் உங்கள் சொந்தமாக மாற்றுங்கள். மாதம் ஒருமுறை நோட்டீஸ் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

இனி, தாமதமாகிவிட்டால் வழியே இல்லையா என்ற கேள்வி. முதலில், எவையெல்லாம் கெடுவை நிறுத்தாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர் நோட்டீஸ் நிறுத்தாது. காவல் நிலையப் புகார் நிறுத்தாது. திங்கட்கிழமை ஆட்சியரிடம் கொடுக்கும் மனு, முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு அனுப்பும் மனு, ஊர்ப் பஞ்சாயத்து, ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்ற வாக்குறுதி எதுவும் நிறுத்தாது. பழைய கோரிக்கைக்கு ஒரு மனு கொடுத்து, ‘பரிசீலிக்க இயலாது’ என்ற பதிலை வாங்கி, அந்தப் பதிலின் தேதியிலிருந்து புதிய காலம் கணக்கிட முடியாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கிரய ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்துவிட்டு, ‘பத்திரம் முடித்துத் தருகிறேன்’ என்ற பேச்சை நம்பி மூன்றாண்டைத் தவறவிடுவோர் இதனால்தான் நிலத்தை இழக்கிறார்கள்.

கெடுவை உண்மையாகவே மாற்றும் சில வழிகளைக் காலவரையறைச் சட்டமே தந்திருக்கிறது. காலம் முடிவதற்குள் எதிராளி பொறுப்பை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிய காலம் தொடங்கும். இது 18ஆம் பிரிவு. ஒரு பகுதித் தொகை செலுத்தி அது எழுத்தில் பதிவானாலும் அப்படியே, இது 19ஆம் பிரிவு. மின்னஞ்சலில் வந்த ஒப்புதலையும் உரிய சான்றிதழோடு சாட்சியமாகக் கொடுக்க வழியுண்டு. ஆகவே ‘அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்’ என்று முதலாளியோ குடித்தனக்காரரோ சொன்னால், ‘இதையே எழுதி அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். தவறான நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடு வழக்கு நடத்திய காலத்தை 14ஆம் பிரிவின்படி கழித்துக்கொள்ளலாம். மோசடியால் மறைக்கப்பட்டிருந்தால் அது தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம். கொரோனா காலத்துக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டு அது. காலாவதியாகிவிட்டது என்று நினைத்துக் கைவிட்ட வழக்கை, இதைச் சேர்த்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

‘தாமதத்தை மன்னிக்கும் மனு போட்டுவிடலாம்’ என்று சிலர் எளிதாகச் சொல்வார்கள். அந்த 5ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான், மூல வழக்குக்குப் பொருந்தாது. பொருந்தும் இடத்தில் நீதிமன்றங்கள் தாராளமாக அணுக வேண்டும் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. அந்த வழக்கில் தாமதம் நான்கே நாள். 2012இலோ, ஓராண்டுக்கு மேல் தாமதித்து வந்த அஞ்சல் துறையை, கோப்பு மேசைமேசையாக நகர்ந்தது என்ற காரணம் போதாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால் அன்றே நகல் மனு போடுங்கள். நகல் தயாராக எடுத்துக்கொள்ளும் நாட்கள் மேல்முறையீட்டுக் காலத்தில் சேராது.

அரசே எதிராளியாக இருந்தால் ஒரு தீர்ப்பை நினைவில் வையுங்கள். இமாச்சலப் பிரதேசத்தில் 1967-68இல் சாலைக்காக ஒரு பெண்ணின் நிலத்தை இழப்பீடு எதுவும் தராமல் அரசு எடுத்துக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் நாற்பது ஆண்டுக்கும் மேல் கழித்து நீதிமன்றம் வந்தபோது, ‘இத்தனை காலம் அனுபவித்துவிட்டோம், எதிரிடை அனுபவத்தால் நிலம் எங்களுடையது’ என்று அரசு வாதிட்டது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மக்கள் நல அரசு தன் குடிமக்களின் நிலத்தை எதிரிடை அனுபவத்தால் அடைய முடியாது என்று சொல்லி இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தாமதத்தைக் காரணம் காட்டி அவரை விரட்டவும் அனுமதிக்கவில்லை. அரசு தன் நிலத்துக்காகக் குடிமகன்மேல் வழக்குப் போட 30 ஆண்டு அவகாசம் பெற்றிருக்கிறது. பொது நிலம் எல்லாருக்கும் உரியது என்பதால் அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த அவகாசத்தை வைத்துக்கொண்டு ஒரு முதிய பெண்ணிடம் காலாவதி பேசியதைத்தான் ஏற்க முடியவில்லை.

கடைசியாக, வென்றவர்களுக்கும் கெடு உண்டு. தீர்ப்பாணை கிடைத்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் நிறைவேற்று மனுப் போட வேண்டும். பாகப்பிரிவினையில் மட்டும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பிறகு, சொத்தைப் பிரித்துத் தரும் இறுதித் தீர்ப்பாணை கேட்டு மனுப் போடக் கெடு இல்லை, அந்த வழக்கு இன்னும் முடியாத வழக்காகவே கருதப்படும். முதல்நிலைத் தீர்ப்பாணையோடு நின்றுபோன குடும்பங்கள், பத்தாண்டு கடந்திருந்தாலும், வழக்குக் காகிதங்களை எடுத்துக்கொண்டு தயங்காமல் வழக்கறிஞரிடம் போகலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதால் நாள் கடத்த வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் இலவச வழக்கறிஞர் உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அந்த ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது ஒரு தாளில் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது வாங்கியது, யார் எப்போது இறந்தார், கடைசியாக எப்போது பணம் வந்தது, எந்த நாளில் இல்லை என்று சொன்னார்கள், அந்த மறுப்புக்கு என்ன ஆதாரம் இருக்கிறது.